ஒத்திக்குச் சேர்த்த பள்ளிக்கூடம்

என் மகளை ஆறாம் வகுப்பில் சேர்த்ததும் தஞ்சாவூரில் வீடு பிடித்ததும் ஒரே மாதத்தில் நடந்தன. வேறு வேறு மாதங்களில் நடந்திருந்தால் நாங்கள் இப்படிக் குழம்பியிருக்க மாட்டோம் என்று நான் இன்னமும் நினைக்கிறேன். என் கணவர் அப்படி நினைக்கவில்லை. எந்த மாதமாக இருந்தாலும் இதேதான் நடந்திருக்கும் என்கிறார்.

எங்களுக்குத் திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். என் கணவரும் அவருடைய அண்ணனும் சேர்ந்து விவசாயம் செய்கிறார்கள். அவர்களுடைய அப்பா அடுத்தவர் வயலில் கூலிக்கு இறங்கியவர். இப்போது சொந்தமாகக் கொஞ்சம் நிலம் இருக்கிறது, ஒத்திக்கு எடுத்தது கொஞ்சம் இருக்கிறது. நான் தஞ்சாவூரில் கல்லூரிப் படிப்பு முடித்து பி.எட். வரைக்கும் போனவள். கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பிறந்தவள் எங்கள் மகள். பள்ளி வாசலில் நிற்கிற மற்ற அம்மாக்கள் பெரும்பாலும் என் தங்கை வயதில் இருப்பார்கள். அவர்கள் என்னை ஆண்ட்டி என்று கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டதும் உண்டு.

ஒத்தி என்றால் என்னவென்று டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு பெரிய தொகையை நிலத்துக்காரரிடம் கொடுத்துவிட வேண்டும். பேசிய காலம் வரைக்கும் நிலத்தை நாம் உழுது விதைத்து அறுத்துக்கொள்ளலாம். குத்தகை நெல் அளக்க வேண்டாம். காலம் முடிந்ததும் கொடுத்த தொகையை அப்படியே வாங்கிக்கொண்டு நிலத்தை விட்டுவிட வேண்டும். பணம் கொடுத்தவருக்கு வட்டி கிடையாது, நிலம் கொடுத்தவருக்கு வாடகை கிடையாது. வீட்டுக்கும் இதே முறைதான். தஞ்சாவூரில் நாங்கள் பிடித்த வீடும் ஒத்திதான். முதல் மாடியில் இரண்டு அறை, மேலே போகும் படிக்கட்டுக்குக் கீழே ஒரு சமையலறை. நானும் மகளும் அங்கே இருப்பது, அவர் கிராமத்தில் இருந்துகொண்டு வயல் வேலை இல்லாத நாட்களில் பைக்கில் வந்து போவது என்று ஏற்பாடு. பள்ளி வேன் எங்கள் கிராமம் வரைக்கும் வராது. அதற்காகத்தான் வீடு.

சம்பா நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்ட பணம் வங்கிக்கு வந்திருந்தது. என் நகைகளும் வங்கிக்குப் போயின. அந்தப் பணத்தில் ஒரு பாதியை வீட்டுக்காரர் கையில் கொடுத்தோம், மறு பாதியைப் பள்ளிக்கூடத்தில். இரண்டு இடத்துக்கும் கணவரின் அண்ணன் கூட வந்தார். எங்கள் பக்கம் பணம் கைமாறுகிற இடத்துக்குக் குடும்பத்தில் மூத்த ஒருவர் இல்லாமல் போவது வழக்கமில்லை. அவர் பேசுவார், மற்றவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்போம்.

மகள் நுழைவுத் தேர்வில் தேறியிருந்தாள். கட்டணம் எவ்வளவு என்பது விண்ணப்பத்திலும் இல்லை, சுவரிலும் இல்லை. தேறிய பிறகு நிர்வாக அலுவலர் தன் அறைக்குக் கூப்பிட்டு வாயால் சொன்னார். ஒரே தொகை. அதைக் கேட்டதும் என் கணவர் கூரையில் சுழலும் மின்விசிறியைப் பார்த்தார். அண்ணன் மட்டும் அசையவில்லை.

“இதுல டெபாசிட்டும் அடக்கங்க. பிள்ளை டிசி வாங்கிட்டுப் போறப்ப அது திரும்ப வந்துரும்” என்றார் அலுவலர்.

திரும்ப வந்துரும் என்றதுமே அண்ணனின் தோள்கள் இறங்கியதை நான் பார்த்தேன். அவருக்குப் பழகிய பாதை வந்துவிட்டது.

“பத்திரம் எதும் எழுதணுங்களா?”

அலுவலர் சிரித்துவிட்டார். “பத்திரமெல்லாம் எதுக்குங்க? ரசீது குடுப்போம்.”

“சாட்சிக் கையெழுத்து?”

“வேண்டாங்க.”

வெளியே வந்து டீக்கடையில் நின்றபோது அண்ணன் எங்களுக்கு விளக்கினார். “இது ஒத்திதாம்மா. இவ்ளோ பிள்ளைவோகிட்டயும் இவ்ளோ தொகைய வாங்கி வச்சுக்கிட்டு, வர்ற வட்டில பள்ளிக்கூடம் நடத்துறானுவ. புத்திசாலிப் பயலுவ.”

“அப்ப மாசாமாசம் ஃபீஸு, மாமா?” என்று கேட்டேன்.

“அது எதுக்கு? ஒத்திக்கு எடுத்துட்டு யாராச்சும் குத்தகை அளப்பானா? வேனு, புக்கு, துணிமணி, அது வேற. அது நம்ம செலவு.”

சில ஊர்களில் மொத்தமாக டெபாசிட் வாங்கிக்கொண்டு சம்பளமே கேட்காத பள்ளிகள் உண்டு என்று நானும் எங்கேயோ கேள்விப்பட்டிருந்தேன். ஆகவே அவர் சொன்னது எனக்கு வினோதமாகப் படவில்லை. ரசீதைப் படித்தேன். சேர்க்கைக் கட்டணம், டெபாசிட், முதல் பருவக் கட்டணம், அது இது என்று பல வரிகளாகப் பிரித்துப் போட்டிருந்தார்கள். முதல் பருவம் என்று இருந்தால் இரண்டாம் பருவம் ஒன்று இருக்கும் என்பது தெரியாத ஆள் இல்லை நான். ஆனால் நில விவகாரங்களைப் பார்த்தே வளர்ந்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பத்திரத்தில் எழுதுகிற தொகை வேறு, பேசி முடித்த தொகை வேறு. எழுதியிருப்பது அரசாங்கத்துக்கு, பேசியதுதான் நமக்கு. அதே கண்ணோடு ரசீதையும் பார்த்தேன். ஏதோ தணிக்கைக்காக இப்படிப் பிரித்து எழுதியிருக்கிறார்கள் என்று முடிவு செய்து பீரோவில் வைத்தேன்.

ஜூனில் பள்ளி திறந்தது. அதே மாதம் மேட்டூரில் தண்ணீர் திறந்து குறுவை வேலை தொடங்கியதால் என் கணவரை அதிகம் பார்க்க முடியவில்லை. முதல் நாள் மட்டும் வந்தார். மகள் கண்ணாடி முன் நின்றுகொண்டிருந்தாள்.

“டை கட்டிவுடவா பாப்பா?”

“கட்ட வேணாம்ப்பா. ரப்பர் வச்சுது. இழுத்துவுட்டா போதும்.”

“அட, நம்ம மாட்டுக்கே இத விட நல்லா கயிறு கட்டுறோம்.”

அவள் இழுத்துவிட்டுச் சிரித்தாள். அந்த இரண்டு மூன்று மாதங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இந்தி வரவில்லை என்று அழுதாள், பிறகு வந்தது. வேனில் ஜன்னலோர இடத்துக்குச் சண்டை போட்டாள். வீட்டில் என்னிடம் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு, புரிந்ததா என்று என் முகத்தைப் பார்ப்பாள். எனக்குப் புரியும் என்பது அவளுக்குச் சற்று ஏமாற்றமாக இருந்தது.

செப்டம்பர் டெல்டாவில் கையில் காசு தங்காத மாதம். குறுவை இன்னும் அறுபடாது. அதற்குள் சம்பாவுக்கு நாற்றங்கால் விட வேண்டும், டிராக்டர்காரருக்குக் கொடுக்க வேண்டும், நடவுக்கு ஆட்களுக்கு முன்பணம் கொடுக்க வேண்டும். பள்ளிக்கூடத்தின் நாட்காட்டியில் இரண்டாம் பருவம் அந்த மாதத்தில்தான் வருகிறது. பள்ளியிலிருந்து வருகிற செய்திகளெல்லாம் என் கணவரின் செல்போனுக்குத்தான் போகும். விண்ணப்பத்தில் அவர் எண்ணைத்தான் கொடுத்திருந்தோம். கட்டணம் பாக்கி என்று ஆங்கிலத்தில் ஒரு செய்தி வந்திருக்கிறது. அவர் வரப்பில் நின்றபடியே அதை அண்ணனிடம் காட்டியிருக்கிறார்.

“எல்லாருக்கும் பொதுவா அனுப்புறதுடா அது. கரண்ட் பில்லு கட்டுனவனுக்கும் மெசேஜ் வரல? நம்ம கணக்கு முடிஞ்சு போச்சு.”

மறுபடி வந்தது. மறுபடியும் அதே பதில். என்னிடம் இருவரும் சொல்லவில்லை. மறைக்க நினைத்துச் சொல்லாமல் இல்லை. சொல்லும் அளவுக்கு அது அவர்களுக்கு ஒரு செய்தியாகவே படவில்லை.

அந்த மாதத்தில் ஒரு நாள் மகள் சாப்பாட்டுப் பையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள். நான் பஸ் ஏறிப் போனேன். பள்ளி நகரத்தைத் தாண்டி, புறவழிச்சாலைப் பக்கம், மூன்று புறமும் வயல் சூழ இருக்கிறது. காவலாளி என்னை உள்ளே விட்டார். மைதானத்து ஓரத்தில் விளையாட்டு வகுப்புப் பிள்ளைகள் வேப்ப மரத்தடியில் வியர்வையைத் துடைத்துக்கொண்டு நின்றார்கள். என் மகளோடு வேனில் வரும் சிறுமி ஒருத்தி என்னை அடையாளம் கண்டுகொண்டு ஓடி வந்தாள்.

“ஆண்ட்டி, நீங்க ஒத்தியோட அம்மாதானே?”

“யாரோட?”

“ஒத்தி ஆண்ட்டி. எங்க கிளாஸ் ஒத்தி.”

அவளுக்குப் பின்னால் வந்தவள் அவள் கையைக் கிள்ளினாள். “ஏய், பேரச் சொல்லுடி!” பிறகு அவளே என் மகளின் பெயரைச் சொன்னாள். சொல்லிவிட்டுச் சிரிப்பை அடக்க வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“அவ எங்கம்மா?”

“லைப்ரரில ஆண்ட்டி. ஃபீஸ் கட்டாதவங்க எல்லாம் லைப்ரரில உக்காரணும்.”

நூலகம் தரைத்தளத்தில் இருந்தது. கண்ணாடிக் கதவு. நாலைந்து பிள்ளைகள் ஆளுக்கொரு மேசையில் தனித்தனியாக உட்கார்ந்திருந்தார்கள். என் மகளுக்கு முன்னால் பெரிய படப்புத்தகம் ஒன்று விரிந்து கிடந்தது. திமிங்கலங்கள். அவள் பக்கத்தைப் புரட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் திடுக்கிடுவாள் என்று நினைத்தேன். எழுந்து, நாற்காலியைச் சத்தம் வராமல் உள்ளே தள்ளிவிட்டு வெளியே வந்தாள்.

“தயிர் சாதமா?”

“ஆமா.”

“ஸ்பூன் வச்சியா?”

“வச்சிருக்கேன்.”

“சரி, நீ போம்மா. மேம் பாப்பாங்க.”

பையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் அந்தக் கதவுக்கு வெளியே எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. ஆயா ஒருத்தர் வந்து, தண்ணி குடிக்கிறீங்களா என்று கேட்டது நினைவிருக்கிறது.

அலுவலகக் கூண்டில் இருந்த பெண் கணினியைப் பார்த்துச் சொன்னாள். “செகண்ட் டேர்ம் பெண்டிங் மேடம். மெசேஜ் போயிருக்கே.”

“நாங்க சேக்குறப்பவே எல்லாம் கட்டிட்டோமே.”

“ஃபர்ஸ்ட் டேர்ம் கட்டியிருக்கீங்க.”

“டேர்ம் ஃபீஸ் தனியாவா?”

அவள் கணினியிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தாள். என் புடவையை, கைப்பையை, கண்ணாடியைப் பார்த்தாள். படித்தவள் போல இருக்கிறாளே என்ற குழப்பம் அவள் முகத்தில் தெரிந்தது. “வருஷத்துக்கு மூணு டேர்ம் மேடம். எல்லா ஸ்கூல்லயும் அப்படித்தானே?” என்றாள். கேலியாகச் சொல்லவில்லை. அவளுக்கு உண்மையிலேயே புரியவில்லை.

மாலையில் மகள் வந்ததும் உடனே கேட்கவில்லை. பால் குடித்து முடிக்கட்டும் என்று இருந்தேன். அவளே தொடங்கினாள்.

“திட்டுவியா?”

“எதுக்குத் திட்டணும்? என்ன நடந்துச்சுன்னு சொல்லு.”

“மிஸ் ஃபீஸ் கட்டாதவங்க பேரு படிச்சாங்க. என் பேரும் வந்துச்சு. தப்பா வந்துருச்சுன்னு நெனச்சு நான் எந்திரிச்சு, எங்களுது ஒத்தி மிஸ், எங்களுக்கு ஃபீஸ் வராதுன்னு சொன்னேன்.”

“மிஸ் என்ன சொன்னாங்க?”

“அவங்க மெட்ராஸ்ம்மா. அவங்களுக்குப் புரியல. வாட் இஸ் தட்னாங்க. நான் விளக்கிச் சொன்னேன். மொத்தமா ஒரு அமௌண்ட் குடுத்துட்டா ஃபீஸ் கெடையாது, கடைசில அமௌண்ட்ட திருப்பிக் குடுத்துருவாங்கன்னு. இங்கிலீஷ்லதான் சொன்னேன்.”

“ம்.”

“அவங்க சிரிச்சாங்க. ஆனா அவங்க சிரிச்சது பரவால்ல. மத்த பிள்ளைங்களுக்கு ஒத்தின்னா தெரியும்ல. அவங்கதான் ரொம்ப சிரிச்சாங்க. ஒருத்தன், அப்ப ஒன்ன ஸ்கூல்காரங்க உழுதுக்கலாமான்னு கேட்டான்.”

அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வந்தது. அது நல்ல கிண்டல்தான் என்று அவளுக்கே தோன்றியிருக்கிறது. எனக்கு அந்தச் சிரிப்புதான் தாங்கவில்லை.

“ஏன்டி எங்கிட்ட சொல்லல?”

“சொன்னா நீ அப்பாட்ட சொல்லுவ. அப்பா பெரியப்பாட்ட சொல்லுவாரு. பெரியப்பா ஸ்கூலுக்கே வந்துருவாரு.”

மறுநாள் காலை பெரியப்பா ஸ்கூலுக்கே வந்துவிட்டார்.

வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நிலம் பேசப் போகிற உடை. என் கணவர் அவருக்குப் பின்னால். அதே அறை, அதே அலுவலர். அண்ணன் உட்காரவில்லை.

“எங்க தொகைய எடுத்து வைங்க. நாங்க பிள்ளைய அழைச்சுட்டுப் போயிடுறோம்.”

“எந்தத் தொகைங்க?”

“நாங்க குடுத்த தொகைதான். நெலத்த ஒப்படைச்சா பணத்த எண்ணி வைக்கணும்ல? இருக்கப்பட்டவங்க நீங்க, இதுக்குப் போயி எங்ககிட்ட தவணை கேப்பீங்களா?”

அலுவலர் கொஞ்ச நேரம் அவரைப் பார்த்தார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று முதலில் நினைத்திருப்பார். பிறகு எழுந்து வந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். “உக்காருங்கய்யா. ஒவ்வொண்ணா சொல்றேன், கேளுங்க.”

இப்படித்தான் எங்கள் குடும்பம் ஒரு தனியார் பள்ளியின் கட்டணத்தைக் கற்றுக்கொண்டது. எனக்கும் சேர்த்துத்தான் அந்தப் பாடம்.

“நீங்க கட்டுனதுல பெரிய பங்கு அட்மிஷன் ஃபீஸ். அது ஒரு தடவதான். திரும்ப வராது.”

“எதுக்கு அது?”

“சேத்துக்கிட்டதுக்கு.”

“சேத்துக்கிட்டதுக்குன்னா? வாசப்படி தாண்டுனதுக்கா?”

“அப்படித்தான் வச்சுக்குங்களேன்.”

“பாடம் நடத்துறதுக்கு?”

“அது டேர்ம் ஃபீஸுங்க. வருஷத்துக்கு மூணு தடவ. சேக்கறப்ப மொத டேர்ம் மட்டும் சேத்து வாங்குனோம். இந்த டெபாசிட்டுன்னு சொன்னேன் பாருங்க, அது இதுல சின்னப் பங்கு. அது மட்டுந்தான் கடைசில வரும். வட்டி கெடையாது.”

“வட்டி கெடையாதுங்கறது எனக்குத் தெரியும்” என்றார் அண்ணன். அந்தப் பேச்சில் அவருக்குத் தெரிந்திருந்த ஒரே விஷயம் அது. அதை விட்டுவிட அவருக்கு மனமில்லை.

“ஸ்மார்ட் கிளாஸ், ஆண்டு விழா, கம்ப்யூட்டர், அதெல்லாம் டேர்ம் ஃபீஸ்ல வராது. அப்பப்ப வரும். வேன் தனி.”

“அடுத்த வருஷம் இதே டேர்ம் ஃபீஸ்தானே?”

“கொஞ்சம் ஏறும்.”

“எவ்ளோ?”

“அது மேனேஜ்மெண்ட் முடிவு பண்றதுங்க.”

அண்ணன் மெதுவாக உட்கார்ந்தார். நான் என் மனதுக்குள் அதை ஏக்கராக மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். செலவெல்லாம் போக ஒரு ஏக்கர் சம்பாவில் கையில் நிற்கிற பணம் ஒரு பருவக் கட்டணத்துக்குச் சரியாக வரும். அப்படியானால் வருடத்துக்கு மூன்று ஏக்கர் பள்ளிக்கூடத்துக்கு உழ வேண்டும். பிளஸ் டூ முடிகிற வரைக்கும். ஏறுகிற பங்குக்கு எந்த வயலை வைப்பது என்று தெரியவில்லை. இந்தக் கணக்கை ஏப்ரலிலேயே போட்டிருந்தால் அவளை அங்கே சேர்த்திருக்கவே மாட்டோம். போட்டுப் பார்க்கும் அறிவு எங்கள் மூவரிடமும் இருந்தது. போடத் தேவையில்லை என்று நினைத்துவிட்டோம், அவ்வளவுதான்.

“பரீட்சை திங்கக்கிழமை தொடங்குது” என்றேன் நான். அந்த அறையில் நான் பேசிய முதல் வார்த்தை அது. “எழுத விடுவீங்களா, மாட்டீங்களா?”

“கட்டாம எழுத விடக்கூடாதுன்னு எங்களுக்கு ஆர்டர் மேடம். நான் பிரின்சிபால்ட்ட பேசி ஒரு வாரம் வாங்கித் தரேன். அதுக்கு மேல எங்கைல இல்ல.” பிறகு அண்ணனைப் பார்த்து, “எங்க வீட்லயும் விவசாயந்தாங்க. குறுவை எப்ப அறுப்பு?” என்று கேட்டார்.

“கதிரு வந்துருக்கு. பால் புடிக்குது” என்றார் அண்ணன்.

அவ்வளவுதான் பேச்சு. வெளியே வந்ததும் டீக்கடைக்கு யாரும் போகவில்லை. அந்த வாரத்துக்குள் அண்ணன் நெல் வியாபாரி ஒருவரிடம் முன்பணம் வாங்கிவிட்டார். பச்சையாக நிற்கும் வயலைக் காட்டி வாங்குகிற பணம். அறுத்ததும் நெல் வியாபாரிக்குத்தான், கொள்முதல் நிலையத்து விலையைவிடக் குறைவாக. வீட்டில் யாரிடமும் அண்ணன் கலந்து பேசவில்லை. பணத்தை என் கணவரிடம் கொடுத்து அனுப்பினார். அதற்குப் பிறகு தஞ்சாவூர் வீட்டுக்கு அண்ணன் வருவது குறைந்துபோனது. வந்தாலும் வாசலோடு, வாழைத்தாரையோ தேங்காயையோ வைத்துவிட்டு, வேலை கிடக்கு என்று போய்விடுவார். நான் அவரை ஒரு வார்த்தையும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் ஒருவேளை உட்கார்ந்து காப்பி குடித்திருப்பார்.

என் கணவர் மட்டும் ஒருமுறை சொன்னார். “அண்ணன் இப்பல்லாம் பஸ்ல டிக்கெட் எடுத்தாக்கூட, இது போறதுக்கு மட்டுமா வர்றதுக்கும் சேத்தான்னு கண்டக்டர்ட்ட கேக்குறாரு.” சிரிக்கத்தான் சொன்னார். நாங்கள் இருவரும் கொஞ்சம் சிரித்தோம்.

மகள் பரீட்சை எழுதினாள். நன்றாகவே எழுதியிருந்தாள். பெயர் மட்டும் போகவில்லை. கட்டணம் கட்டியாகிவிட்டது, நூலகத்திலிருந்து வகுப்புக்குத் திரும்பிவிட்டாள், ஆனாலும் ஒத்திதான். ஆசிரியையிடம் நான் ஒருமுறை தயங்கித் தயங்கிப் பேசிப் பார்த்தேன். “சும்மா ஜாலியா கூப்பிடுறாங்க மேடம். அவளும் திரும்பிப் பாக்கறா” என்றார். அவள் திரும்பிப் பார்க்கிறாள் என்பதுதான் என் பிரச்சினை என்று அவருக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் வந்துவிட்டேன்.

பள்ளிச் செய்திகளை இப்போது என் செல்போனுக்கு மாற்றிக்கொண்டேன். அதன் மணி மற்ற மணிகளைப் போல இருக்காது, சன்னமாக இரண்டு தரம் ஒலிக்கும். நாளை விடுமுறை என்று வந்தாலும் சரி, வண்ணப் பென்சில் கொண்டு வரவும் என்று வந்தாலும் சரி, செய்கிற வேலையை விட்டுவிட்டு உடனே அதைத் திறந்து கடைசி வரி வரைக்கும் படிப்பேன். மூன்றாம் பருவம் ஜனவரியில் வந்தது. கூட்டுறவுச் சங்கத்தில் கடன் போட்டுக் கட்டினோம். கூண்டிலிருந்த அதே பெண் இந்தத் தடவை என்னைப் பார்த்துப் புன்னகை செய்தாள்.

பிப்ரவரியில் நான் வேறொரு காரியம் செய்தேன். எங்கள் தெருவிலிருந்து நடக்கும் தூரத்தில் ஒரு அரசுப் பெண்கள் பள்ளி இருக்கிறது. யாரிடமும் சொல்லாமல் போய்த் தலைமையாசிரியையைப் பார்த்தேன். என் வயதுதான் இருக்கும் அவருக்கு. “டிசி தர மாட்டேன்னு இழுத்தடிச்சாக்கூட கவலப்படாதீங்க, எட்டாவது வரைக்கும் நாங்க சேத்துக்குவோம்” என்றார். பிள்ளைகள் சத்தமாக எதையோ ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். திரும்பி வரும்போது மனசு முடிவுக்கு வந்திருந்தது. கணவரிடம் சொன்னேன். “பாப்பாவக் கேட்டுக்க” என்றார். அண்ணனைக் கேட்காமல் அவர் எதையும் இப்படி எங்களிடமே விட்டவர் இல்லை.

மார்ச்சில் அந்த இரட்டை மணி ஒலித்தது. அடுத்த கல்வியாண்டில் உங்கள் குழந்தை தொடர்கிறாரா என்று கேட்டிருந்தார்கள். மறுநாள் காலை, வேன் வருவதற்கு முன்னால், மகள் தோசை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பேச்சை எடுத்தேன். எதிர்ப்பு இருக்காது என்றுதான் நினைத்தேன். ஒத்தி என்று யாரும் கூப்பிடாத ஒரு இடத்துக்குப் போவதில் அவளுக்கு என்ன தடை இருக்க முடியும்?

 அவள் தோசையைச் சின்னச் சின்னதாகப் பிய்த்தாள்.

“அங்க அட்மிஷன் ஃபீஸ் உண்டா?”

“கெடையாது. ஒண்ணுமே கெடையாது.”

“இங்க கட்டுன அட்மிஷன் ஃபீஸு?”

“அது வராது. அதான் அன்னைக்கே சொல்லிட்டாங்களே.”

“இங்கயே இருந்தா அடுத்த வருஷம் மறுபடி கட்டணுமா?”

“வேணாம். அது ஒரு தடவதான்.”

“அப்ப நான் இப்ப போயிட்டா, ஒரே ஒரு வருஷத்துக்கு அவ்ளோ பணம் குடுத்த மாதிரி ஆயிரும்.” எச்சில் விரலால் தட்டின் ஓரத்தில் கோடு இழுத்தாள். “ப்ளஸ் டூ வரைக்கும் இருந்தேன்னா, அத ஏழால வகுக்கணும். அப்ப வருஷத்துக்குக் கொஞ்சம்தாம்மா வரும்.”

“டேர்ம் ஃபீஸ் இருக்குல்ல?”

“அது படிக்கறதுக்கு. அது வேற.” சற்று நிறுத்தி, “பெரியப்பா குடுத்தது வீணாப் போகக் கூடாதுல்ல” என்றாள்.

அவள் சொன்ன கணக்கில் பிழை இல்லை. பிழை வேறெங்கோ இருந்தது. எனக்கு அதைக் காட்டத் தெரியவில்லை.

“அதெல்லாம் போவட்டும்டி. அந்த ஸ்கூல்ல இருக்க ஒனக்குப் புடிச்சிருக்கா? அத மட்டும் சொல்லு.”

“அது வேற கேள்விம்மா” என்று சொல்லிவிட்டுக் கை கழுவ எழுந்தாள்.

கீழே வேன்காரர் ஹாரன் அடித்தார். அவள் பையை மாட்டிக்கொண்டு படியில் இறங்கினாள். மாடியிலிருந்து பார்த்தேன். வேனுக்குள்ளிருந்து யாரோ அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட, அவள் “வரேன், வரேன்” என்று ஏறி உட்கார்ந்தாள். வேன் போன பிறகு தட்டைக் கழுவினேன். என் கணவருக்குப் போன் செய்தேன். அவர் உளுந்து வயலில் இருந்தார்.

“என்ன சொன்னா?”

“இருக்கேங்கறா.”

“புடிச்சுத்தான் சொல்றாளா?”

“தெரியலங்க.”

 பக்கத்தில் அண்ணன் யாரையோ சத்தம் போட்டுக் கூப்பிடுவது கேட்டது. “சரி, அப்ப போட்டுரு” என்றார் கணவர்.

செல்போனில் பள்ளிச் செய்தியைத் திறந்து, தொடர்கிறோம் என்ற கட்டத்தைத் தொட்டேன். அதற்குக் கீழே, கட்டண உயர்வுக்குச் சம்மதிக்கிறேன் என்று இன்னொரு கட்டம் இருந்தது. அதையும் தொட்டால்தான் முதல் கட்டம் பதிவாகும் என்று அது சொன்னது. இரண்டையும் தொட்டேன்.